பல மின்னஞ்சல் கணக்குகள், ஒரே கணினி: இணையம் இல்லாதபோதும் கடிதங்களைக் கையாள்வது எப்படி?

அலுவலகத்துக்கு ஒன்று, வங்கிக்கும் வருமான வரிக்கும் ஒன்று, கல்லூரிக் காலத்திலிருந்து தொடரும் பழைய முகவரி ஒன்று என ஒருவரே மூன்று, நான்கு மின்னஞ்சல் கணக்குகளை வைத்திருப்பது இந்தியாவில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக நுழைந்து பார்ப்பது நேரத்தை விழுங்குகிறது. இணையத் தொடர்பு அறுந்தால் எந்தக் கணக்கையும் திறக்க முடிவதில்லை.

இவ்விரு சிக்கல்களுக்கும் ஒரே தீர்வாக இருப்பது ஆஃப்லைன் ஒத்திசைவு. எல்லாக் கணக்குகளின் கடிதங்களும் கணினியில் படியெடுத்து வைக்கப்படும். தொடர்பு இல்லாதபோதும் அவற்றைப் படிக்கலாம், பதில் எழுதலாம். தொடர்பு மீண்டதும் கணினியும் சர்வரும் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். எனினும், இந்த வசதியைப் பயன்படுத்துவோரில் பலர் அதையே பாதுகாப்பு நகலாகக் கருதிவிடுகின்றனர். அது தவறான எண்ணம். ஒத்திசைவு என்பது கண்ணாடியைப் போன்றது. ஒருபுறம் அழிவது மறுபுறமும் அழியும். இந்த வேறுபாட்டை அறியாததால் பல ஆண்டுக் கடிதங்களை ஒரே நாளில் இழக்க நேரிடலாம்.

ஒருவருக்குப் பல கணக்குகள் ஏன்?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அக்காலத்தில் மின்னஞ்சல் முகவரி என்பது பெரும்பாலும் இணைய இணைப்பை வழங்கும் நிறுவனமோ, பணிபுரியும் நிறுவனமோ தருவதாக இருந்தது. இணைப்பையோ வேலையையோ மாற்றினால் முகவரியும் கைவிட்டுப் போகும்.

பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் தொடங்கிய ஹாட்மெயில் இந்நிலையை மாற்றியது. இணைய உலாவி உள்ள எந்தக் கணினியிலிருந்தும் இலவசமாகக் கடிதம் படிக்க முடிந்தது. ஆனால் அதன் சேமிப்பு அளவு வெறும் 2 மெகாபைட். பழைய கடிதங்களை நீக்கினால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயில் அறிமுகமானபோது, எதையும் நீக்காமல் சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது. இன்று ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியில் பணி நியமனக் கடிதம், காப்பீட்டு ஆவணம், வீட்டு ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை என வாழ்க்கையின் முக்கிய ஆவணங்கள் அனைத்தும் குவிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

அலுவலக முகவரிகளின் நிலை வேறு. முகவரி அப்படியே இருக்க, அதன் பின்னால் உள்ள சேவை மாறலாம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள் தேசிய தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் உருவாக்கிய தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2025-ஆம் ஆண்டு வெளியானது. இத்தகைய மாற்றத்தின்போது பயனரின் முகவரி மாறுவதில்லை; கடிதங்கள் இருக்கும் இடம் மாறுகிறது. கணினியில் ஒத்திசைவு அமைத்திருப்போர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

தொடர்பு அறும்போது

ரயில் பயணம், மலைப்பகுதி, புயலால் சாய்ந்த மின்கம்பங்கள் என இணையம் துண்டிக்கப்படும் சூழல்கள் பல. அரசு உத்தரவால் நிறுத்தப்படுவதும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் 2ஜி சேவை படிப்படியாகத் திரும்பியது. அதிவேக 4ஜி சேவை முழுமையாக மீண்டது 2021 பிப்ரவரியில்தான். காலவரையறையின்றி இணையத்தை முடக்குவது ஏற்கத்தக்கதன்று என அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்தது. எனினும் மணிப்பூரில் 2023 மே மாதம் வன்முறை வெடித்தபோது மொபைல் இணையம் மாதக்கணக்கில் முடங்கியது.

இத்தகைய நாட்களில் உலாவி வழியாக மட்டுமே மின்னஞ்சலைப் பயன்படுத்துவோருக்கு, தம்முடைய பழைய கடிதமே எட்டாக்கனியாகிவிடும். தேர்வு நுழைவுச்சீட்டு, மருத்துவமனை முன்பதிவு, வங்கிக் கடன் தொடர்பான கடிதம் ஆகியவற்றின் நகல் கணினியில் இருப்பின், புதிய கடிதங்கள் வராவிட்டாலும் பழையவற்றையேனும் எடுத்துப் பார்க்க முடியும். ஒத்திசைவின் உடனடிப் பயன் இதுவே.

பாப், ஐமேப்: இருவகை முறைகள்

சர்வரில் உள்ள கடிதத்தைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு பழைய நெறிமுறைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. முதலாவது பாப். 1984-இல் உருவான இந்த நெறிமுறையின் மூன்றாம் வடிவமான பாப்3, 1988-இல் வெளியானது. அஞ்சலகப் பெட்டியிலிருந்து கடிதங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் போன்றது இதன் செயல்பாடு. கடிதம் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீக்கப்படுவது இதன் இயல்பான அமைப்பு. சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கும்படியும் அமைக்கலாம். ஆனால் எந்தக் கடிதம் படிக்கப்பட்டது, எது எந்தக் கோப்புறைக்கு நகர்த்தப்பட்டது என்ற விவரங்களைப் பாப் மற்றக் கருவிகளுக்குத் தெரிவிக்காது.

இரண்டாவது ஐமேப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் வடிவமைத்த நெறிமுறை இது. கடிதங்களின் மூல இருப்பிடம் சர்வரே. கணினியிலும் கைபேசியிலும் இருப்பவை அதன் பிரதிகள். ஒரு கருவியில் கடிதத்தைப் படித்தால் அனைத்துக் கருவிகளிலும் அது படிக்கப்பட்டதாகக் காட்டப்படும். தொடர்பில் இருந்து பணியாற்றுவது, தொடர்பின்றிப் பணியாற்றிவிட்டுப் பின்னர் ஒத்திசைப்பது ஆகிய இரண்டுக்கும் ஐமேப் இடமளிக்கிறது. அதன் அண்மைய வடிவம் 2021 ஆகஸ்ட் மாதம் வெளியானது.

பல கருவிகளும் பல கணக்குகளும் வைத்திருப்போருக்கு ஐமேப்பே ஏற்றது. ஒரு கணக்கை மூடும் முன் அதிலுள்ள கடிதங்களை ஒரே கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள விரும்புவோருக்குப் பாப் இன்றும் பயன்படுகிறது. எனினும் அது உள்பெட்டிக் கடிதங்களை மட்டுமே கொண்டுவரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒத்திசைவு எவ்வாறு நடைபெறுகிறது?

ஐமேப் சர்வர், ஒரு கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண்ணை வழங்குகிறது. புதிய கடிதத்துக்கு எப்போதும் முந்தையதைவிடப் பெரிய எண் கிடைக்கும். ஒருமுறை வழங்கிய எண் வேறு கடிதத்துக்குத் தரப்படுவதில்லை. கணினியில் உள்ள மென்பொருள், தன்னிடம் உள்ள கடைசி எண்ணைச் சர்வரின் எண்ணோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் இறக்கிக்கொள்கிறது. பத்தாயிரம் கடிதங்கள் உள்ள பெட்டியும் சில நொடிகளில் புதுப்பிக்கப்படுவது இதனால்தான்.

படித்தது, பதிலளித்தது, முக்கியமானது, நீக்க வேண்டியது, வரைவு ஆகிய நிலைகள் ஒவ்வொரு கடிதத்தின் மீதும் குறிகளாக இடப்படுகின்றன. தொடர்பற்ற நேரத்தில் பயனர் செய்யும் செயல்கள் அனைத்தையும் மென்பொருள் ஒரு பட்டியலாகக் குறித்து வைக்கிறது. எழுதிய பதில்கள் வெளிப்பெட்டியில் காத்திருக்கும். தொடர்பு மீண்டதும், குறித்து வைத்த செயல்கள் முதலில் சர்வரில் நிறைவேற்றப்பட்டு, அதன்பின் சர்வரில் நேர்ந்த மாற்றங்கள் கணினிக்கு வந்து சேர்வதே பரிந்துரைக்கப்படும் வரிசை.

ஐமேப்பில் நீக்கம் இரண்டு படிகளில் நடைபெறுகிறது. முதலில் கடிதத்தின் மீது நீக்கற்குறி இடப்படும். பின்னர் தனிக் கட்டளையால் அது நிரந்தரமாக அழிக்கப்படும். இரண்டாம் படி நிறைவேறியதும், அந்தக் கணக்கோடு ஒத்திசைந்துள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் கடிதம் மறைந்துவிடும்.

ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. சர்வர் மாற்றப்படும்போது இந்த எண்ணும் மாறக்கூடும். அவ்வாறு மாறினால், தன்னிடமுள்ள பழைய அடையாள எண்கள் இனிச் செல்லா என மென்பொருள் கருதும்; உள்ளூர் நகலைக் கைவிட்டு, அனைத்தையும் மீண்டும் முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். புதிய சர்வருக்குப் பழைய கடிதங்கள் முழுமையாக மாற்றப்படாமல் இருந்தால், கணினியில் இருந்த நகலும் கிடைக்காமல் போகலாம். எனவே அலுவலகம் மின்னஞ்சல் சேவையை மாற்றுவதாக அறிவித்தால், மாற்றம் நடைபெறும் முன்பே தனி நகல் எடுத்து வைப்பது அறிவுடைமை.

கணினியில் அமைக்கும் முறை

விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் தண்டர்பேர்ட். இதன் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வெளியானது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. கணினிப் பதிப்பில் கணக்கின் பெயரையும் முகவரியையும் இட்டால், பெரும்பாலான சேவைகளின் சர்வர் விவரங்களை அதுவே கண்டறியும். தாமாக இட வேண்டியிருப்பின், பாதுகாக்கப்பட்ட ஐமேப்புக்கு 993 என்ற வாயில் எண்ணும், கடிதம் அனுப்ப 465 அல்லது 587 என்ற எண்ணும் வழக்கமானவை.

கணக்கைச் சேர்த்த பின், அதன் அமைப்புகளில் உள்ள ஒத்திசைவு மற்றும் சேமிப்புப் பகுதியைத் திறந்து, கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திருக்கும் தேர்வு இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்புறைகள் வேண்டும், எத்தனை நாட்களுக்குரிய கடிதங்கள் வேண்டும் என்பதையும் அங்கேயே வரையறுக்கலாம். பயணத்துக்கு முன், கோப்பு பட்டியலில் உள்ள ஆஃப்லைன் பிரிவில் இறக்குதல் கட்டளையைக் கொடுத்தால், விடுபட்டவை அனைத்தும் வந்து சேரும்.

அலுவலகங்களில் மிகுதியாகப் பயன்படும் பழைய வடிவ அவுட்லுக் மென்பொருளில், எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்கு எவ்வளவு காலத்துக் கடிதங்களைக் கணினியில் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் நழுவுபட்டை உள்ளது. பெரும்பாலும் இது ஓராண்டு என அமைந்திருக்கும். அதற்கு முந்தைய கடிதங்கள் சர்வரில் மட்டுமே இருக்கும்; தொடர்பற்ற நேரத்தில் தேடினால் அவை கிடைக்கா. முழுவதும் வேண்டுமெனில் பட்டையை இறுதிவரை நகர்த்த வேண்டும். புதிய வடிவ அவுட்லுக்கைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதில் ஜிமெயில், யாஹூ போன்ற பிற நிறுவனக் கணக்குகளைச் சேர்த்தால், அக்கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பகத்துக்கும் செல்லும். இரகசியத்தன்மை வாய்ந்த பணியில் இருப்போர் இதைக் கருத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

தனி மென்பொருள் வேண்டாம் என்போருக்கு, குரோம் உலாவியில் ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதி உண்டு. அமைப்புகளில் அதை இயக்கி, கடைசி 7, 30 அல்லது 90 நாட்களின் கடிதங்களைச் சேமிக்கச் சொல்லலாம். 90 நாட்களுக்கு முந்தைய கடிதங்களுக்கு இவ்வழி உதவாது. ஆண்ட்ராய்டு கைபேசியின் ஜிமெயில் செயலியிலும் எத்தனை நாட்களின் கடிதங்களை ஒத்திசைப்பது என்ற அமைப்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக உள்ளது. ஒரு கணக்குக்கு மாற்றினால் மற்றதற்கும் மாறிவிடும் என எண்ணக்கூடாது.

கணினித் துறையில் இருப்போர் கட்டளை வரியில் இயங்கும் கருவிகளையும் பயன்படுத்துகின்றனர். ஜான் கோயர்சன் 2002-இல் உருவாக்கிய ஆஃப்லைன்ஐமேப், ஐசிங்க் தொகுப்பில் உள்ள எம்பிசிங்க் ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. ஒரே அமைப்புக் கோப்பில் எத்தனை கணக்குகளையும் எழுதி, குறித்த நேரங்களில் தாமாக ஒத்திசைக்கும்படி செய்யலாம். ஒரு திசையில் மட்டும் ஒத்திசைக்கும் வசதியும் எம்பிசிங்கில் உண்டு.

கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால்

பழைய மென்பொருளில் சரியான கடவுச்சொல்லை இட்டும் கணக்கு திறக்காமல் போவது பலருக்கும் நேரும் சிக்கல். கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வெளி மென்பொருள் நுழையும் முறையைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டதே இதற்குக் காரணம். கூகுள் நிறுவனம் தனிநபர் கணக்குகளுக்கு இந்த வாயிலை 2022 மே 30 முதல் மூடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று இதே முடிவை நடைமுறைப்படுத்தியது.

இதற்கு மாற்றாக வந்துள்ள ஓஆத் முறையில், உலாவிச் சாளரம் ஒன்று திறக்கும். பயனர் தம் கடவுச்சொல்லை நேரடியாகச் சேவை நிறுவனத்திடமே தருகிறார். மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கிறது. வேண்டாதபோது அந்த அனுமதியை மட்டும் விலக்கிக்கொள்ளலாம். ஓஆத் வசதியில்லாத மென்பொருளுக்கு, இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய ஜிமெயில் பயனர்கள் 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெற்றுப் பயன்படுத்தலாம். அதைப் பிறரிடம் பகிர்வது முதன்மைக் கடவுச்சொல்லைப் பகிர்வதற்கு ஒப்பாகும்.

ஒரே உள்பெட்டி, ஆனால் தனித்தனி அடையாளம்

பல கணக்குகளின் உள்பெட்டிகளை ஒன்றாகக் காட்டும் வசதி தண்டர்பேர்ட் உள்ளிட்ட பல மென்பொருள்களில் உள்ளது. காட்சி ஒன்றாக இருப்பினும், கடிதங்கள் அந்தந்தக் கணக்கிலேயே இருக்கும்.

இந்த வசதியோடு வரும் இடர், தவறான முகவரியிலிருந்து கடிதம் அனுப்பிவிடுவது. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, அது வந்த முகவரியையே மென்பொருள் பெரும்பாலும் தேர்ந்துகொள்ளும். புதிய கடிதம் தொடங்கும்போதோ முதன்மைக் கணக்கின் முகவரி வந்து நிற்கும். ஒவ்வொரு கணக்குக்கும் வேறுபட்ட கையொப்பம் அமைத்தால், எழுதத் தொடங்கிய உடனேயே எந்தக் கணக்கு என்பது கண்ணில் படும்.

ஒரு கணக்கின் கடிதத்தை இழுத்து மற்றொரு கணக்கின் கோப்புறையில் இட்டால், அது இரண்டாம் கணக்கின் சர்வருக்கு ஏறிவிடும் என்பதையும் அறிய வேண்டும். அலுவலகக் கடிதம் இவ்வாறு தனிநபர் கணக்குக்குச் சென்றால், அது பணி விதிகளை மீறுவதாகக் கருதப்படலாம்.

நிறைந்துவிடும் சேமிப்பகம்

இணைப்புக் கோப்புகள் மின்னஞ்சலில் செல்லும்போது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. இதனால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 15 மெகாபைட் ஆவணம், கடிதத்தில் சுமார் 20 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடம், டிரைவ், ஃபோட்டோஸ் ஆகிய சேவைகளுக்கும் பொதுவானது. அதே இடம் கணினியின் வட்டிலும் தேவைப்படும்.

ஜிமெயிலைப் பொறுத்தவரை, கோப்புறை என்பது உண்மையில் ஒரு சிட்டையே. ஒரே கடிதத்துக்கு மூன்று சிட்டைகள் இருந்தால், ஐமேப் வழியாக அது மூன்று கோப்புறைகளில் தோன்றும். அத்துடன் எல்லா அஞ்சல்களும் என்ற கோப்புறையிலும் காணப்படும். ஒரே கடிதம் கணினியில் பலமுறை இறங்குவதைத் தவிர்க்க, ஜிமெயிலின் சிட்டை அமைப்புகளில் தேவையற்றவற்றை ஐமேப்பில் காட்டாதவாறு மாற்றலாம். முதன்முறை ஒத்திசைக்கும்போது பொறுமையும் தேவை. ஐமேப் வழியாக ஒரு நாளில் இறக்கக்கூடிய அளவை 2,500 மெகாபைட் எனக் கூகுள் வரையறுத்துள்ளது. எனவே பெரிய பெட்டி முழுமையாக வந்து சேரச் சில நாட்கள் ஆகலாம்.

தண்டர்பேர்ட் இயல்பாகப் பின்பற்றும் எம்பாக்ஸ் முறையில், ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தும் ஒரே பெரிய கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. நீக்கிய கடிதம் கண்ணுக்கு மறைந்தாலும், கோப்புறையைச் சுருக்கும் வரை கோப்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது சுருக்கினால் இடம் மீளும்.

ஒத்திசைவு வேறு, பாதுகாப்பு நகல் வேறு

கணினியில் உள்ள ஐமேப் நகல் சர்வரைப் பின்தொடர்கிறது. வேறொருவர் கணக்கினுள் புகுந்து கடிதங்களை அழித்தாலும், கைபேசியில் கைதவறி ஒரு கோப்புறை நீங்கினாலும், அந்த அழிவு அடுத்த ஒத்திசைவின்போது கணினிக்கும் வந்துவிடும். வேலையிலிருந்து விலகியவரின் கணக்கை நிறுவனம் முடக்கும்போதும் இதே நிலை ஏற்படலாம்.

பயன்படுத்தாத கணக்குகளுக்கு வேறோர் ஆபத்து உள்ளது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. யாஹூவில் 12 மாதங்கள் நுழையாமல் இருந்தால் பெட்டியிலுள்ள கடிதங்கள் நீக்கப்படலாம். பழைய முகவரிகளையும் ஒரே மென்பொருளில் சேர்த்து வைப்பதன் நன்மை, அவை மறக்கப்படாமல் இருப்பது. எனினும் சில மாதங்களுக்கு ஒருமுறை உலாவி வழியாகவும் நுழைந்து வருவது பாதுகாப்பானது.

உண்மையான பாதுகாப்பு நகல் என்பது சர்வரோடு தொடர்பில்லாதது. அதை உருவாக்க மூன்று எளிய வழிகள் உள்ளன. தண்டர்பேர்டில் உள்ளூர்க் கோப்புறைகள் என்ற தனிப் பகுதி உண்டு. முக்கியக் கடிதங்களை அங்கு நகர்த்தாமல் நகலெடுத்து வைத்தால், சர்வரில் எது நேர்ந்தாலும் அவை மாறா. அவுட்லுக்கில் ஏற்றுமதி வழியாகப் பிஎஸ்டி வகைக் கோப்பாகச் சேமிக்கலாம். ஜிமெயில் பயனர்கள் கூகுள் டேக்அவுட் சேவை மூலம் முழுப் பெட்டியையும் எம்பாக்ஸ் கோப்பாகப் பெறலாம்.

இவ்வாறு பெற்ற கோப்பை அதே கணினியில் மட்டும் வைப்பது போதாது. வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, கணினியிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க வேண்டும். எடுத்த நகல் திறக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் மின்னஞ்சல்

மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி குறித்த காலத்துக்குப் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்திருப்பது பற்றி அதன் 7-ஆம் பிரிவு கூறுகிறது. ஆவணம் பின்னாளில் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது, அனுப்பிய அல்லது பெற்ற நாளும் நேரமும் என்ன என்பதை அறிய உதவும் விவரங்களும் உடன் இருக்க வேண்டும் என்பன அப்பிரிவின் நிபந்தனைகளுள் சில.

இந்த விவரங்கள் கடிதத்தின் தலைப்பகுதியில் மறைந்துள்ளன. கடிதத்தைத் திரைப்பிடிப்பாகவோ அச்சுப் பிரதியாகவோ மட்டும் வைத்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி கிடைக்காது. முழுக் கடிதத்தையும் ஈஎம்எல் அல்லது எம்பாக்ஸ் வடிவில் சேமித்தால் தலைப்பகுதியும் உடன் வரும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்பதற்கான நிபந்தனைகளை வகுக்கிறது. அதற்குரிய சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டியுள்ளது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும். எனவே தகராறுக்கு இடமுள்ள ஒப்பந்தம், வாடகை, ஊதியம் தொடர்பான கடிதங்களை மூல வடிவிலேயே, திருத்தமின்றி, தனியே சேமிப்பது பயன் தரும்.

நகல் இருந்தால் காவலும் வேண்டும்

எல்லாக் கணக்குகளின் கடிதங்களும் ஒரே மடிக்கணினியில் இருப்பது வசதி. அந்த மடிக்கணினி தொலைந்தால் அதுவே பேரிடர். தண்டர்பேர்டின் கடிதக் கோப்புகள் இயல்பாக மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அதில் அமைக்கக்கூடிய முதன்மைக் கடவுச்சொல், சேமித்த கடவுச்சொற்களை மட்டுமே காக்கும், கடிதங்களை அன்று.

ஆகவே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வதே தக்க வழி. விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் ஆகிய வசதிகள் இதற்கெனவே உள்ளன. மீட்புக் குறியீட்டை அதே கணினியில் வைக்காமல் வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். பாதுகாப்பு நகல் உள்ள வெளிவட்டுக்கும் இது பொருந்தும். இணைய மையம் போன்ற பொதுக் கணினிகளிலும் பிறருடைய கணினிகளிலும் ஆஃப்லைன் வசதியை ஒருபோதும் இயக்கக்கூடாது. கணினியை விற்கும் முன் கணக்குகளையும் உள்ளூர் நகல்களையும் நீக்குவதோடு, அந்த மென்பொருளுக்கு வழங்கிய அனுமதியையும் சேவை நிறுவனத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் விலக்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

அமைப்பு சரியாக உள்ளதா என்பதை அறியத் தனித் தேர்ச்சி தேவையில்லை. வைஃபை தொடர்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கணக்கிலும் ஓராண்டுக்கு முந்தைய, இணைப்புள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பார்க்கலாம். இணைப்பும் திறந்தால் ஒத்திசைவு முழுமையாக உள்ளது. தலைப்பு மட்டும் தெரிந்து உள்ளடக்கம் வராவிட்டால், அந்தக் கணக்கின் அமைப்பில் கால வரம்பையோ கோப்புறைத் தேர்வையோ மாற்ற வேண்டும்.

அடுத்து, தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் அது வெளிப்பெட்டியில் காத்திருக்க வேண்டும். தொடர்பை மீண்டும் இயக்கிய பின் அது சென்றடைய வேண்டும். சில மென்பொருள்களில் வெளிப்பெட்டிக் கடிதங்களை அனுப்பத் தனிக் கட்டளை தர வேண்டியிருக்கும். இறுதியாக, வெளிவட்டில் உள்ள நகலிலிருந்து ஒரு கடிதத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது சோதனையில் தேறாதவரை, கணினியில் எத்தனை கணக்குகள் ஒத்திசைந்திருந்தாலும் கடிதங்கள் பத்திரமாக இருப்பதாகக் கொள்ள முடியாது.